பாலத்தை மூடிய மகளுக்கு

பாப்பா, நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதை டிவிக்காரர்கள் காலையிலும் மாலையிலும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேற்றுகூட டெல்லியில் ஏதோ மாநாட்டில் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, "இளைச்சிட்டா" என்றாள். நீ இளைக்கவில்லை. அதைச் சொல்லப் போய் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதை நான் பத்திரிகைக்கு அனுப்பியதில் உனக்குக் கோபம் வரும். வரட்டும். தபாலில் எழுதினால் உன் உதவியாளர் பிரித்துப் படித்து, 'அப்பா விசாரித்து எழுதியிருக்கிறார்' என்று ஒரே வரியாகச் சுருக்கிவிடுவார். போனில் கூப்பிட்டால் அவரே எடுத்து, "மேடம் மீட்டிங்ல இருக்காங்க ஐயா, நீங்க சாப்ட்டீங்களா?" என்பார். நான் சாப்பிட்டேனா என்பதில் இவ்வளவு அக்கறை உள்ள மனிதரை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் அச்சில் உன்னைப் பற்றி எது வந்தாலும் கத்தரித்துக் காலையில் உன் மேசைமேல் வைப்பார்கள் என்று நீயே ஒரு பேட்டியில் சொன்னாய். அதனால்தான் இந்த வழி. பெற்ற மகளிடம் நாலு வார்த்தை பேசுவதற்கு ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

ஊரில் பாதிப் பேருக்கு நடந்தது தெரியும். மீதிப் பேருக்குத் தெரிந்தது நடந்ததே இல்லை. உனக்குத் தெரிந்ததும் அந்த இரண்டாவது வகைதான் என்று எனக்குச் சந்தேகம். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். குறுக்கே பேச இந்த முறை உன்னால் முடியாது என்பது எனக்கு ஒரு வசதி.

மேடையில் நீ என்னைப் பற்றிச் சொல்லும் பொன்மொழிகளை முதலில் நிறுத்து. "சாலை என்பது ஏழையின் உரிமை என்று பஸ் ஓட்டிய என் தந்தை அடிக்கடி சொல்வார்" என்று நீ நாடாளுமன்றத்தில் பேசியதைக் கேட்டு நானும் உன் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவன் நான். அந்தச் சாலையில் நான் அடிக்கடி சொன்னது, "ஏம்பா, ஹார்ன் அடிக்கறது காதுல விழலியா?" என்பதுதான். உன்னிடம் நான் சொன்னதெல்லாம் படி, ஒரு வேலையில் உட்கார், யார் வம்புக்கும் போகாதே என்பதுதான். நீ படித்தாய். வேலையிலும் சேர்ந்தாய். மூன்றாவதை மட்டும் நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் அந்தக் கால்வாய்ப் பாலம் வந்திருக்காது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். நீ உதவிப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்து, சுற்றிச் சுற்றி நம் ஊர்ப் பக்கமே வந்து சேர்ந்தாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் உப்பளம், இந்தப் பக்கம் ஊர். நடுவில் இருந்தது ஒரு தரைப்பாலம். ஐப்பசி மழை பிடித்தால் அது தண்ணீருக்குள் போய்விடும். அளத்தில் வேலை செய்கிறவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கைகோத்துக்கொண்டு வருவார்கள். அந்த இடத்தில் பாலம் கட்டும் வேலை உன் பொறுப்பில் வந்தது. காண்ட்ராக்டர் கால்வாய்த் தண்ணீரையே மோட்டார் வைத்து இறைத்துக் கான்கிரீட் கலந்ததைப் பார்த்துவிட்டு, எழும்பி நின்ற தூணை இடிக்கச் சொன்னாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்குப் பாடம் நடத்தினாய். "உப்புத் தண்ணியில கலக்குன கான்கிரீட்டு உள்ள இருக்கற கம்பியத் தின்னுடும்ப்பா. வெளிய நல்லாத்தான் இருக்கும். ஒரு நாள் லாரியோட உக்காந்துடும்" என்றாய். "அது உக்கார்றதுக்குள்ள நீ ரிட்டயர் ஆயிடுவ, உனக்கு இன்னா?" என்று கேட்டேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய். காண்ட்ராக்டரின் ஆட்கள் ராத்திரியில் வீட்டுக்கு எதிரே பைக்கை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். உன் அம்மாவுக்குத் தூக்கம் போனது, எனக்குச் சர்க்கரை வந்தது. நீ மட்டும் குறட்டை விட்டுத் தூங்கினாய். தூண் இடிந்தது. லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. பாலமும் எழுந்தது.

எழுந்து என்ன பயன்? மழைக்கு முன்னால் பாலம் முடிந்துவிட்டது. திறந்துவைக்க வேண்டிய அமைச்சருக்குத் தேதி கிடைக்கவில்லை. இரண்டு முனையிலும் தார் டிரம்களை உருட்டிவைத்து வழியை அடைத்துவிட்டார்கள். தலைக்கு மேலே புதுப்பாலம் காய்ந்துகொண்டிருக்க, கீழே ஜனங்கள் பழையபடி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்தார்கள். ஒரு நாள் காலையில் நீ போய், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த டிரம்களை நீயே உருட்டி ஓரமாகத் தள்ளினாய். முதலில் ஏறியது ஒரு மாட்டுக்காரரும் அவருடைய மாடுகளும். யாரோ அதைப் போனில் படம் பிடித்துவிட்டார்கள். மாடு, நீ, சேறு, பின்னால் பாலம். அந்தப் படம்தான் இன்றைக்கும் உன் போஸ்டர்களில் இருக்கிறது. மாட்டை மட்டும் இப்போது எடுத்துவிட்டார்கள்.

உன்னைச் சஸ்பெண்ட் செய்தார்கள். நான் உன்னைத் திட்டாத திட்டில்லை. "டிரம்ம நகர்த்தறது உன் வேலையா? அரசாங்கம் மூடினா அரசாங்கம் தொறக்கும்" என்று கத்தினேன். நீ சொன்ன பதிலை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. "பாலம் கட்றது கடந்து போறதுக்குப்பா. ஒருத்தர் வர்றதுக்காக எல்லாரையும் நிக்க வெக்கறதுக்கு இல்ல." பிறகு நடந்ததெல்லாம் நாடறிந்த கதை. வேலையைத் தூக்கி எறிந்தாய். தேர்தலில் நின்றாய். உப்பளத்திலிருந்தும் குப்பங்களிலிருந்தும் சொந்தச் செலவில் வந்து உனக்கு வேலை செய்தார்கள். டெல்லிக்குப் போய் மந்திரியும் ஆனாய். அங்கேயும் சும்மா இல்லை. தண்ணீருக்காகப் பல வருஷம் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு மாநிலத்துக்காரர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து, ஆற்றின் வரைபடத்தை விரித்து, பொறியாளர் பாஷையிலேயே பேசிப் பேசி இரண்டு பேரையும் சம்மதிக்க வைத்தாய். அன்றைக்கு டீக்கடையில் யாரோ எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எதிர்க்கட்சிக்காரர்களே உன்னை மரியாதையாகப் பேசுகிறார்கள். அதெல்லாம் சரி. நான் பேச வந்தது போன மாசம் நீ நம் ஊருக்கு வந்த நாளைப் பற்றி.

அன்றைக்குக் கடற்கரைப் பக்கம் ஏதோ பெரிய திட்டத்துக்கு நீ அடிக்கல் நாட்ட வருவதாக ஏற்பாடு. காலையிலேயே வாசலில் கார் வந்து நின்றது. உன் அம்மா பட்டுப்புடவையில் ஏறிப் போய்விட்டாள். நான் ஏறவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து மொபெட்டில் பாலத்தைத் தாண்டிப் போய், அளத்துப் பாதையில் நடந்துவிட்டு வருவது என் வழக்கம். அமைச்சர் வருகிறார் என்பதற்காகச் சர்க்கரை குறையாது. "நான் பின்னால வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போகும்போது பாலம் திறந்திருந்தது.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் போலீஸ் தடுப்பு. நீ அந்தப் பாலத்தின் மேல் போகப்போவதுகூட இல்லை. அது வந்து சேரும் முனையில் உன் கார்கள் கடந்து போகுமாம். அதற்காகக் குறுக்கே வரும் எல்லா வழியையும் அடைத்துவிட்டார்கள். என் முன்னால் வரிசையாக வண்டிகள். உப்பு லாரி, பால் வண்டி, பள்ளிக்கூட வேன். எல்லாவற்றுக்கும் முன்னால், தடுப்பை ஒட்டி, குட்டியானை என்று நாம் சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்று. அதன் பின்தட்டில் சாக்கை விரித்து ஒரு பெண்ணைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் அவள் புருஷன் உட்கார்ந்து, அவளுடைய வலது கையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான். கை முழங்கைவரை வீங்கியிருந்தது.

அவள் பெயர் அஞ்சலை. அளத்தில் உப்பு வாருகிறவள். குவித்துவைத்த உப்பின் மேல் மூடியிருந்த கீற்றைத் தூக்கியபோது, உள்ளே சுருண்டு கிடந்த கண்ணாடி விரியன் கையில் போட்டுவிட்டது. புருஷன் தணிகாசலம் அளத்திலிருந்தே கிடைத்த வண்டியில் போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். பாலத்தைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தால் ஆஸ்பத்திரி. தாண்டத்தான் விடவில்லை.

தடுப்பில் நின்றவர் ஒரு சின்ன வயசு சப்-இன்ஸ்பெக்டர். கதிரேசன் என்று சட்டையில் பெயர் இருந்தது. வெயிலில் நின்று நின்று முகம் கறுத்திருந்தது. "சார், பாம்பு கடிச்சிருக்குது சார், விட்ருங்க சார்" என்று தணிகாசலம் கெஞ்சிக்கொண்டிருந்தான். கதிரேசனுக்கும் மனசில்லாமல் இல்லை. வாக்கிடாக்கியில் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். அந்தப் பக்கமிருந்து ஒரே பதில்தான் வந்தது. "கான்வாய் பெருமுக்கல் தாண்டிடுச்சு. யாரையும் விடாத. எதுனா குறுக்க வந்துது, உன் யூனிபார்ம் போயிடும்."

கான்வாய் பெருமுக்கல்லைத் தாண்டவில்லை என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கே உனக்கு ஆரத்தி எடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், நீ இறங்கி எல்லோரிடமும் பேசினாய். உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. உனக்காக இங்கே யார் யார் நிற்கிறார்கள் என்பது காருக்குள் இருந்தால் தெரியாது. அதனால்தான் எனக்கு ஆத்திரமே. தெரியாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய்.

நான் போய், "தம்பி, நான் மினிஸ்டரோட அப்பா. வண்டிய விடுங்க, நான் சொல்லிக்கறேன்" என்றேன். நடக்கப் போன லுங்கியும் பழைய காக்கிச் சட்டையுமாக நின்றேன். கதிரேசன் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "பெரியவரே, காலையிலேர்ந்து மினிஸ்டருக்கு மாமா வந்துட்டாரு, சித்தப்பா வந்துட்டாரு, கூடப் படிச்சவங்க பாதி ஊரு வந்துட்டாங்க. அப்பா இப்பதான் வர்றீங்க. அப்பிடி ஓரமா நில்லுங்க" என்றார். அவரை நான் என்ன சொல்ல? உன்னுடைய எந்தப் போஸ்டரிலும் என் முகம் இல்லை. அது நான் கேட்டு வாங்கியது.

உனக்குப் போன் போட்டேன். உன் உதவியாளர் எடுத்தார்.

"ஐயா, மேடம் பப்ளிக்ல இருக்காங்க. சாப்ட்டீங்களா ஐயா?"

"தம்பி, கால்வாப் பாலத்துல ஒரு பொண்ணு பாம்பு கடிச்சுக் கெடக்குது. பாலத்தத் தொறக்கச் சொல்லு. ஒரு வார்த்த பாப்பாகிட்ட குடு."

"ஐயா, அது செக்யூரிட்டி சமாச்சாரம், நாங்க தலையிட முடியாது. நான் கலெக்டர் ஆபீசுக்குச் சொல்றேன். நீங்க டென்ஷன் ஆவாதீங்க, உங்களுக்கு சுகர் இருக்குது."

என் சர்க்கரை அவருக்குத் தெரிகிறது, பார். வண்டிக்குத் திரும்பி வந்தபோது அஞ்சலையின் ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. அவள் அழக்கூட இல்லை. "இன்னும் தொறக்கலையா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை.

நான் போய்த் தடுப்பைப் பிடித்து இழுத்தேன். அது சக்கரம் வைத்தது, சுலபமாக வந்துவிட்டது. கான்ஸ்டபிள் ஒருவர் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார். வண்டிக்கார இளைஞன், "அய்யோ, என் வண்டி நம்பர எழுதிக்குவாங்க" என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இறங்கி நின்றுவிட்டான். சரி என்று நான் ஏறி உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகு நான் தொட்ட முதல் ஸ்டியரிங். ஒதுங்கச் சொல்லி ஹார்னைப் பிடித்து அழுத்தினேன். கான்ஸ்டபிள் ஒதுங்கினார், தடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, போலீஸ் ஜீப்பின் கண்ணாடி ஒன்று உடைந்தது. உன் கார்கள் வர வேண்டிய காலிச் சாலையில், ஒரு ஈ காக்கை இல்லாத சாலையில், நான் அந்தக் குட்டியானையை ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் கயிற்றுக்குப் பின்னால் நின்ற ஜனங்கள் கான்வாய் வந்துவிட்டது என்று நினைத்து எனக்குப் பூவைப் போட்டார்கள். யாரோ உன் பெயரைச் சொல்லி வாழ்க என்றார்கள். எனக்கு வந்த எரிச்சலை எழுத்தில் எழுதினால் இந்தப் பத்திரிகைக்காரர் போட மாட்டார்.

ஆஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே எடுத்துப் போய் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். டாக்டரம்மா தணிகாசலத்திடம், "எப்ப கடிச்சுது?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் வேகமாக உள்ளே போனார். சாயங்காலம் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்துவிட்டாள். சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. இப்போது வாரத்தில் பாதி நாள் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். சிறுநீரகம் திரும்பவும் வேலை செய்ய ஆரம்பிக்கலாம், செய்யாமலும் போகலாம் என்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருந்தா" என்று அங்கே ஒரு டாக்டர் ஆரம்பித்து, அதோடு நிறுத்திக்கொண்டார் என்று தணிகாசலம் சொன்னான்.

என்னை ஆஸ்பத்திரி வாசலிலேயே ஜீப்பில் ஏற்றினார்கள். ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, போனை வாங்கி மேசைமேல் வைத்தார்கள். அங்கே இருந்தபடியே நான் உன் கூட்டத்தைக் கேட்டேன். வழியெல்லாம் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்களே. நீ நன்றாகப் பேசினாய். கடலரிப்பைப் பற்றி, உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலை இல்லாததைப் பற்றி, எல்லாம் உண்மையாகவே பேசினாய். கடைசியில், "என் அப்பா இன்னிக்கு இங்க வந்திருக்கணும். உடம்பு சரியில்லாம வீட்டுல படுத்திருக்காரு" என்று குரல் கம்மச் சொன்னாய். ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்கு உடம்பு சரியில்லாததற்கு ஏன் கை தட்ட வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கூட்டம் முடிந்ததும், பந்தோபஸ்துக்குப் போயிருந்த போலீஸ்காரர்கள் திரும்பி வந்தார்கள். அதில் வயசான ஏட்டு ஒருவர் என்னைப் பார்த்ததும் சல்யூட் அடித்துவிட்டு, பிறகு ஏன் அடித்தோம் என்று குழம்பி நின்றார். "சார், இவரு நம்ம திண்டிவனம் வண்டி டிரைவரு சார். மினிஸ்டரோட அப்பாதான் சார்" என்றார். கதிரேசன் எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. டீ வந்தது. வடை வந்தது. சர்க்கரை என்று சொன்னதும் சர்க்கரை போடாத டீ வந்தது. எழுதிக்கொண்டிருந்ததையெல்லாம் நிறுத்திவிட்டு, என்னை ஜீப்பிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். காலையில் அஞ்சலைக்குக் கிடைக்காத வழி, சாயங்காலம் எனக்குக் கிடைத்தது.

நீ வீட்டுக்கு வரவில்லை. விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம். ராத்திரி நீயே போன் செய்தாய். நடந்தது என்ன என்று நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்டது இதுதான்: "ஏம்பா இப்பிடிப் பண்ற? யாராச்சும் வீடியோ எடுத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" பாம்பு கடித்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். "அவங்களுக்கு நான் என்ன செய்யணுமோ செஞ்சுடறேன்ப்பா. உன்னை ஸ்டேஷன்ல உக்கார வெச்சவன நான் சும்மா விட மாட்டேன்" என்றாய். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள்.

மறுநாளே கதிரேசன் சஸ்பெண்ட். அமைச்சரின் தந்தையைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைத்தார் என்று காரணம். அவர் மனைவியோடு நம் வீட்டுக்கு வந்தார். சண்டை போடவும் இல்லை, காலில் விழவும் இல்லை. வெளியிலேயே நின்றுகொண்டு, "ஐயா, வண்டிய விட்டிருந்தா அன்னிக்கே சஸ்பெண்ட் ஆயிருப்பேன். விடாததால இன்னிக்கு ஆயிட்டேன். நான் இன்னா பண்ணியிருக்கணும், நீங்களே சொல்லுங்க" என்றார். உன் அம்மா உள்ளே போய்விட்டாள். அவர் விட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அதைக் கேட்கும் உரிமை, வழி விட்டதற்காக ஒருமுறை சஸ்பெண்ட் ஆன உனக்கு உண்டு. நீ அதைக் கேட்கவில்லையே. நீ அவரைத் தண்டித்தது அஞ்சலைக்காக இல்லை, எனக்காக. பாப்பா, எனக்கு அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. உனக்கும் விரோதிகள் உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் ஆம்புலன்ஸுக்கும் நோயாளிக்கும் வழி விட்ட பிறகுதான் என் வண்டி என்று உன்னால் ஒரு உத்தரவு போட முடியாதா? ஆற்றையே பங்கு வைத்தவளுக்கு ஒரு ரோட்டைப் பங்கு வைக்கத் தெரியாதா?

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். அவர் விளக்கினார். என் மேல் வழக்கே இல்லாமல் என்னை உட்காரவைத்ததுதான் கதிரேசன் செய்த தப்பாம். வழக்கு இருந்தால் அவர் கடமையைச் செய்தவர் ஆகிவிடுவார். எனக்கு அந்த இடத்திலேயே வழி தெரிந்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போய், தடுப்பை உடைத்தவன் நான், ஜீப்பின் கண்ணாடியை உடைத்தவன் நான், லோடு வண்டிக்கான லைசென்ஸ் காலாவதியான பிறகு அதை ஓட்டியவனும் நான், என் மேல் கேஸ் போடுங்கள் என்றேன். புதிதாக வந்திருந்த அதிகாரி வேர்த்து விறுவிறுத்துப் போனார். "ஐயா, என் வேலைக்கும் ஒல வெக்காதீங்க" என்றார். நான் நகரவில்லை. போட்டுவிட்டார்கள்.

அதிலிருந்து உன் உதவியாளர் தினமும் போன் செய்கிறார். சாப்பிட்டேனா என்று கேட்பதை நிறுத்திவிட்டார். "ஐயா, மேடம் இமேஜ் இன்னா ஆவும்னு யோசிச்சீங்களா?" என்கிறார். போன வாரம் ஒரு தாளை அனுப்பியிருந்தார், சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கையைப் பிடித்து இழுத்தார் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த இளைஞர் என்னைத் தொடக்கூட இல்லை. அந்தத் தாள் நீ சொல்லி வந்ததா, அவராக அனுப்பியதா என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லி வந்ததில்லை என்று உன் அம்மா சத்தியம் செய்கிறாள். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். நீ சொல்லாமல் உன் பெயரில் இப்படி நடக்கிறதென்றால், அதுவும் ஒன்றும் பெருமைப்படக்கூடியது இல்லை.

கேஸ் திண்டிவனம் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. தேதியை உன் உதவியாளரிடம் கேட்டுக்கொள், அவருக்கு மனப்பாடம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டால் ஒப்புக்கொள்வேன். ஏன் செய்தீர்கள் என்று கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்வேன். உன் பெயர் வராமல் அதைச் சொல்ல முடியுமா என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. வக்கீல் வந்தால் நான் சொல்வதைச் சுற்றி வளைத்துவிடுவார் என்று அவரையும் வேண்டாம் என்றுவிட்டேன். உன் அம்மா வருகிறாள், ஆனால் என்னோடு பேசுவதில்லை என்ற நிபந்தனையோடு. தணிகாசலம் வருகிறான். அஞ்சலையும் வருவேன் என்கிறாள். அவளை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. "எனக்காகத்தான உங்களப் புடிச்சாங்க, நான் வராம எப்பிடி?" என்கிறாள்.

நீயும் வா. மந்திரியாக வராதே, மகளாக வா என்றெல்லாம் வசனம் பேச எனக்கு வராது. மந்திரியாகவே வா. ஆனால் பின்னால் ஒரு வண்டியும் வரக்கூடாது. உன்னைப் பார்த்ததும் யாராவது முன்வரிசையில் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். உட்காராதே. பின்னால் மரப் பெஞ்சில் அஞ்சலை இருப்பாள். அவளுடைய வலது கையில் இன்னும் வலி போகவில்லை, யாராவது இடித்துவிடுவார்கள் என்று பயந்து பயந்து உட்காருவாள். நீ அந்தக் கைப் பக்கமாகப் போய் உட்கார். கூட்டத்தில் எவனும் அவள்மேல் படாமல் பார்த்துக்கொள்.

அப்பா